கானோ ஜிகோரோ: சண்டைக்காரரா, பள்ளிக்கூட வாத்தியாரா?

பாயில்விழுந்தவன் எழுதியது:

நம் மன்றத்தின் இந்தப் பகுதியில் புரூஸ் லீக்கு நாலு இழை ஓடுகிறது, அவருடைய ஆசான் இப் மேனுக்கு இரண்டு. ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோவுக்கு ஒன்றுகூட இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அவரிடம் சினிமாக் கதை இல்லை. ஒரே ஆளாகப் பத்துப் பேரை அடித்தார், எதிரியை ஒரே குத்தில் சாய்த்தார் என்றெல்லாம் எதுவும் கிடையாது. வாழ்நாளில் பெரும்பகுதி தலைமையாசிரியராக இருந்த மனிதர். ஆனால் இன்று உலகத்தில் எந்த ஊரில் யார் கறுப்பு பெல்ட் கட்டினாலும் அதில் இவருக்குப் பங்கு உண்டு.

1860-ல் கோபே பக்கத்தில் மிகாகே என்ற கடலோர ஊரில் பிறந்தார். அரிசியிலிருந்து சாகே மது வடிக்கும் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. அம்மா இறந்தபின் அப்பா தோக்கியோவுக்கு அழைத்துப் போய்விட்டார். படிப்பில் கெட்டி, ஆங்கிலம் நன்றாக வரும், உடம்பு மட்டும் ஈர்க்குச்சி. வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடி இரண்டங்குலம்தான். விடுதியில் பெரிய பையன்கள் போட்டு மிதித்தார்கள். ஜுஜுத்சு என்ற பழைய தற்காப்பு வித்தையைக் கற்றால் சின்ன ஆள் பெரிய ஆளைச் சாய்க்கலாம் என்று யாரோ சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அது மெய்ஜி காலம். சாமுராய்களுக்கே வேலை போய்விட்டது. 1876-ல் வாள் அணியவும் தடை வந்துவிட்டது. மேல்நாட்டுப் படிப்பு, ரயில், தந்தி என்று ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது ஜுஜுத்சு என்றால் பழைய பஞ்சாங்கம். அப்பாவும் வேண்டாம் என்றார். கற்றுக்கொடுக்க ஆளே அகப்படவில்லை. கடைசியில் கானோ ஒரு யோசனை செய்தார்: எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் பலர் பழைய ஜுஜுத்சு ஆட்கள், அவர்களைப் பிடித்தால் வழி கிடைக்கும். அப்படிக் கட்டுப் போடும் ஒருவர் மூலமாகத்தான் 1877-ல் ஃபுகுடா ஹாச்சினோசுகே என்ற ஆசானிடம் சேர்ந்தார்.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நான் பள்ளிக் காலத்தில் ஆறு வருடம் ஜூடோ ஆடியவன். மாவட்ட அளவைத் தாண்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாஞ்சில்பேரன் எழுதியது:

அண்ணாச்சி, அந்த எலும்பு வைத்தியர் விஷயம் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தாத்தா ஊரில் ஆசான். அடிமுறையும் சொல்லிக்கொடுப்பார், வர்ம வைத்தியமும் பார்ப்பார், கை கால் பிசகினால் எண்ணெய் போட்டுக் கட்டும் கட்டுவார். காலையில் வைத்தியத்துக்கு வந்தவனே சாயங்காலம் களரிக்கு வருவான். உடைக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஒட்டவைக்கத் தெரியும் என்பார். ஜப்பானிலும் இதே கதைதானா!

பாயில்விழுந்தவன் எழுதியது:

அதே கதைதான் தம்பி. வாளும் போய் வருமானமும் போன பிறகு ஜுஜுத்சு ஆசான்களுக்கு அந்தக் கட்டுப் போடும் தொழில்தான் சோறு போட்டது.

ஃபுகுடா எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பது முக்கியம். ஒருநாள் தன்னைத் தூக்கிப் போட்ட பிடியைப் பற்றி, கை எப்படி, கால் எப்படி என்று கானோ கேட்டார். ஃபுகுடா "இங்கே வா" என்றார், மறுபடி தூக்கிப் போட்டார். எழுந்து அதே கேள்வி. மறுபடி அதே பதில், பாயில் தொம். விளக்கம் கேட்டு வருகிற ஆள் அல்ல நீ, ஆயிரம் தடவை விழு, தானாகப் புரியும் என்பதுதான் அவர் முறை. அப்போது கானோ தோக்கியோ பல்கலைக்கழகத்தில் அரசியலும் பொருளாதாரமும் படித்துக்கொண்டிருந்த மாணவர். அவருக்கு இந்தப் பதில் போதவில்லை. பயிற்சிக் குறிப்புகளை வீட்டில் ஆங்கிலத்தில் எழுதி வைப்பாராம்.

உடம்பெல்லாம் சிராய்ப்பு. எந்நேரமும் ஒரு களிம்பைத் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போவார், அந்த வாடையை வைத்தே கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். நம்மூரில் அமிர்தாஞ்சன் மணக்க வகுப்புக்கு வருகிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அந்தக் காலத்துக் கிழிந்து தைத்த பயிற்சிச் சட்டையை கோடோகானில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

ஃபுகுடாவிடம் ஃபுகுஷிமா என்று ஒரு தடியர் பயின்றார். கானோவால் அவரை அசைக்கக்கூட முடியவில்லை. பலத்தைக் கூட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? நூலகத்துக்குப் போனார்! சுமோ புத்தகங்களையும் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களையும் புரட்டி, எதிராளியின் காலுக்கிடையில் கை கொடுத்துத் தோளில் தூக்கிச் சுழற்றிப் போடும் ஒரு பிடியைக் கண்டுபிடித்துப் பழகிக்கொண்டு வந்து அவரைக் கீழே போட்டார். ஜூடோவில் அதற்கு கதாகுருமா என்று பெயர், தோள்சக்கரம். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

கறார்கந்தசாமி எழுதியது:

நண்பரே, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இவர் யாரையாவது மேடையில் ஜெயித்திருக்கிறாரா? கோடோகானின் பெயரைக் காப்பாற்றியது அவருடைய சீடர்கள். சைகோ ஷிரோ, யோகோயாமா, யாமாஷிதா, தொமிதா. இவர்கள் நாலு பேர்தான் வெளியே போய்ச் சண்டை போட்டார்கள். கானோ உள்ளே உட்கார்ந்து பாடம் நடத்தினார். அவரைத் தற்காப்புக் கலை ஆசான் என்பதைவிட நிர்வாகி என்பது பொருத்தம்.

இன்னொன்று. இந்த பெல்ட் வியாபாரத்துக்கு மூலகாரணமே இவர்தான். எங்கள் பகுதியில் ஒரு பயிற்சி நிலையத்தில் என் அக்கா மகனுக்கு ஒன்பது வயதில் கறுப்பு பெல்ட் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டணம், சான்றிதழுக்குத் தனி, பெல்ட்டுக்குத் தனி. பையனுக்கு ஒழுங்காக விழத் தெரியாது. போன வருடம் மாடிப்படியில் தடுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

பாயில்விழுந்தவன் எழுதியது:

கந்தசாமி சார், உங்கள் அக்கா மகன் கை சரியாகிவிட்டதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நிர்வாகி என்றதற்கு வருகிறேன். ஃபுகுடா 1879-ல் இறந்தார். அந்த வருடம் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கிராண்ட் தோக்கியோ வந்தபோது அவர் முன்னால் நடந்த ஜுஜுத்சு காட்சியில் ஃபுகுடாவோடு கானோவும் இருந்தார். அது முடிந்த கொஞ்ச நாளில் ஆசான் போய்விட்டார். அடுத்த ஆசான் இசோ, அவரும் 1881-ல் காலமானார். மூன்றாவதாக கித்தோ வழியைச் சேர்ந்த இய்குபோ. இவரிடம் பயிலும்போதுதான் நான் முக்கியமென்று நினைக்கிற விஷயம் நடந்தது. கானோ தன்னைவிட மூத்த, தேர்ந்த ஆசானான இய்குபோவை ஒருநாள் தொடர்ந்து தூக்கிப் போட்டார். அதுவரை அப்படி நடந்ததில்லை. என்ன செய்தாய் என்று ஆசானே கேட்டார். எறிவதற்கு முன்னால் எதிராளியின் நிலை குலைய வேண்டும், குலைந்த பிறகு எறிந்தால் பலமே வேண்டாம் என்பதை கானோ பிடித்துவிட்டிருந்தார். உனக்கு இனி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் இய்குபோ. தன் ஆசானையே தூக்கிப் போட்டவரை வெறும் நிர்வாகி என்றால் எப்படி?

இதற்கு கானோ சொன்ன கணக்கு பிரசித்தம். எதிராளிக்குப் பலம் 10, எனக்கு 7 என்று வையுங்கள். அவன் தள்ளுகிறான், நானும் எதிர்த்துத் தள்ளினால் நான்தான் விழுவேன். எதிர்க்காமல் அவன் தள்ளுகிற அளவுக்கே நான் பின்வாங்கினால் அவன் முன்னால் சரிகிறான். சரிந்த நிலையில் அவன் பலம் 3 ஆகிவிடும். என் 7 அப்படியே இருக்கிறது, அதில் பாதியே அவனைப் போடப் போதும்.

பெல்ட் விஷயம். பழைய ஜுஜுத்சுப் பள்ளிகளில் இரண்டு மூன்று தேர்ச்சி ஓலைதான் உண்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல வருடம் ஓடும். பையன்கள் சலித்துப் போய்விடுவார்கள். கோ என்ற பலகை விளையாட்டில் டான் என்று படிவரிசை ஏற்கெனவே இருந்தது. அந்த மாதிரிப் படிகளை கானோ இங்கே கொண்டுவந்தார். 1883-ல் சைகோவும் தொமிதாவும் முதல் டான். கறுப்பு பெல்ட் கட்டும் வழக்கம் கொஞ்ச வருடம் கழித்து வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் பிற்பாடு ஐரோப்பாவில் சேர்ந்தவை, பிரான்சில் கவாய்ஷி பரப்பினார். அதற்கு கானோ பொறுப்பில்லை.

கட்டணம் பற்றிச் சொன்னீர்களே, ஆரம்ப கோடோகானில் கட்டணமே இல்லை. தன் ஆசிரியர் சம்பளத்தில் பையன்களுக்குச் சோறு போட்டார். பற்றாக்குறைக்கு ராத்திரியில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தார்.

கறார்கந்தசாமி எழுதியது:

கை சேர்ந்துவிட்டது, கேட்டதற்கு நன்றி. சோறு போட்ட விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். கானோ எத்தனையாவது டான்?

பாயில்விழுந்தவன் எழுதியது:

எந்த டானும் இல்லை. கொடுக்கிற இடத்தில் இருந்தவர், யார் அவருக்குக் கொடுப்பது?

கடைக்குட்டிஅம்மா எழுதியது:

எனக்கு இந்தக் கலைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏழு வயதுப் பையனை ஜூடோவில் சேர்க்கலாமா என்று தேடியபோது இந்த இழை கண்ணில் பட்டது. கோடோகான் என்பது என்ன? ஊரா, பள்ளியா?

பாயில்விழுந்தவன் எழுதியது:

அக்கா, பயிற்சிக் கூடத்தின் பெயர் அது. வழியைக் கற்கும் கூடம் என்று சொல்லலாம். ஜுஜுத்சுவில் வரும் ஜுத்சு என்றால் வித்தை, ஜூடோவில் வரும் டோ என்றால் வழி. கானோ வேண்டுமென்றே பெயரை மாற்றினார்.

1882-ல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்த கோயிலில் ஒரு அறை எடுத்து ஆரம்பித்தார். வயது 21. பன்னிரண்டு பாய் விரித்த இடம். ஜப்பான் பாய் ஒன்று சுமார் ஆறடிக்கு மூன்றடி, கணக்குப் போட்டால் நம் வீட்டுக் கூடம் ஒன்றுதான் வரும். முதல் வருடம் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். இவர்கள் விழுகிற வேகத்தில் கோயில் ஆடியது. தரைக்கு அடியில் தாங்குகட்டை உடையும், ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு கானோவே தரைக்கடியில் ஊர்ந்து போய் முட்டுக் கொடுப்பார். கோயில் பிக்கு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். 1934-ல் திறந்த கோடோகானில் 500-க்கும் மேல் பாய்கள்.

பையனை ஆறேழு வயதில் சேர்க்கலாம். முதல் சில மாதம் விழ மட்டும் சொல்லிக்கொடுக்கிற இடமாகப் பாருங்கள். சேர்ந்த வாரமே தூக்கிப் போடச் சொல்லிக்கொடுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

நாஞ்சில்பேரன் எழுதியது:

எனக்கு ஒரு குறை உண்டு. கானோ ஜுஜுத்சுவிலிருந்து ஆபத்தானதையெல்லாம் எடுத்துவிட்டார் என்கிறார்கள். குத்து, உதை, விரலை முறிப்பது, உயிர்நிலையில் அடிப்பது எல்லாம் போய்விட்டது. எங்கள் தாத்தாவிடம் சொன்னால் பல் பிடுங்கின பாம்பு என்பார். வர்மம் இல்லாத அடிமுறை மாதிரி.

பாயில்விழுந்தவன் எழுதியது:

எடுத்துப் போடவில்லை தம்பி, பிரித்து வைத்தார். குத்தும் உதையும் கத்தி வெட்டும் கதா என்ற வரிசைப் பயிற்சிகளில் இருக்கின்றன. ரண்டோரி என்ற நேருக்கு நேர் பயிற்சியில் மட்டும் அவை கிடையாது. ஏன் என்பதுதான் விஷயம்.

உயிர்நிலையில் அடிப்பதை முழு வேகத்தில் யாரோடு பழகுவாய்? ஒரு தடவை பழகினால் அடுத்த நாள் கூட்டாளி இருக்கமாட்டான். அதனால் காற்றில்தான் பழக வேண்டும், அல்லது மெதுவாக, ஒப்புக்கு. பத்து வருடம் பழகினாலும் முரண்டு பிடிக்கிற ஆளின் மேல் அது நடக்குமா என்று உனக்கே தெரியாது. கானோ சொல்லிக்கொடுத்த எறிகளையும் பிடிகளையும் தினமும், முழுப் பலத்தோடு, எதிர்க்கிற ஆள்மேலேயே போட்டுப் பார்க்கலாம். விழுகிறவன் எழுந்து மறுபடி வருவான். ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான தடவை. கோடோகான் பையன்கள் பழைய ஜுஜுத்சுப் பள்ளிகளை ஜெயித்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொல்லத் தெரிந்தவனைவிட தினமும் உண்மையாக மோதிப் பழகியவன் தேறினான். தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல்லு. அவர் காலத்து வர்மம் வேறு கணக்கு, அதற்குள் நான் வரவில்லை.

கறார்கந்தசாமி எழுதியது:

போலீஸ் போட்டியில் பதினைந்துக்குப் பதின்மூன்று என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே?

பாயில்விழுந்தவன் எழுதியது:

1880-களில் தோக்கியோ போலீஸ் நடத்திய போட்டிகளில் கோடோகான் ஆட்கள் நன்றாக ஆடினார்கள், அதனால் போலீஸுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் வந்தது. எத்தனைக்கு எத்தனை என்பதில் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு எண் சொல்லும். அந்த எண்ணை வைத்து நான் வாதாட மாட்டேன்.

தோற்றதையும் சொல்ல வேண்டும். ஃபூசென் வழியைச் சேர்ந்த தானாபே மாதயேமோன் என்பவர் நின்று சண்டை போடாமல் தரையில் படுத்துப் பிடித்துக் கோடோகான் ஆட்களைத் திணறடித்தார். எறிவதில் மன்னர்களான இவர்களுக்குத் தரைப்பிடி பலவீனம். அதற்கப்புறம்தான் கோடோகான் தரைப்பிடியை உட்கார்ந்து படித்தது.

வல்வைப்பெண் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது யூடோ பழகினேன். நாங்கள் யூடோ என்றுதான் எழுதுவோம். கானோவைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் காணோமே?

அவர் 1890-களிலேயே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மனைவியும் மகள்மாரும்கூடப் பழகினார்கள். 1926-ல் கோடோகானில் பெண்கள் பிரிவு தனியாகத் திறந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெண்களுக்குப் போட்டி இல்லை. கதா பழகலாம், மெதுவாக ரண்டோரி செய்யலாம், மோத ஏலாது.

இதில் ஃபுகுடா கெய்கோவின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். கானோவின் முதல் ஆசான் ஃபுகுடாவின் பேத்தி அவர். ஆசானின் குடும்பத்துக்குச் செய்யும் நன்றியாக கானோவே அவரை அழைத்துப் பழகச் சொன்னார். 1935-ல் சேர்ந்தார், ஐந்தடிகூட உயரமில்லை. மணமுடித்தால் யூடோவை விடவேண்டி வரும் என்று மணமே முடிக்கவில்லை. 1953-ல் ஐந்தாம் டான். அதற்கு மேல் பெண்களுக்கு இல்லை என்று கோடோகான் நிறுத்திவைத்தது. ஏறக்குறைய இருபது வருடம் அதே ஐந்தில் நின்றார்! 1972-ல்தான் ஆறாம் டான். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபடி 2006-ல் கோடோகானின் ஒன்பதாம் டான், 2011-ல் அமெரிக்க யூடோ அமைப்பின் பத்தாம் டான். 2013-ல் 99 வயதில் காலமானார், கானோவிடம் நேரே பழகியவர்களில் உயிரோடு இருந்த கடைசி ஆள்.

ஒலிம்பிக்கில் பெண்கள் யூடோ முறைப்படி பதக்கத்தோடு வந்தது 1992 பார்சிலோனாவில். ஆண்களுக்கு 1964. இந்த இருபத்தெட்டு வருட இடைவெளிக்கும் வாத்தியார் போட்ட அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

பாயில்விழுந்தவன் எழுதியது:

சொல்லமாட்டேன். நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். கெய்கோவின் ஐந்தாம் டான் கதை எனக்குத் தெரியும், அந்த வருடக் கணக்கை இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கானோ வைத்த கோட்டைப் பின்னால் வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். உங்களுக்கு அது போதாது, எனக்கும் போதவில்லை.

பெண்கள் என்றதும் இன்னொன்று. தாகூர் 1929-ல் கோடோகான் ஆசிரியர் தகாககி ஷின்ஸோவை சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். அங்கே பெண் பிள்ளைகளும் ஜூடோ கற்றார்கள். கூச்சமும் அச்சமும் நம்மை நாமே அவமதிப்பது என்ற பொருளில் தாகூர் ஒரு பாட்டே எழுதிக்கொடுத்தார்.

ரயில்பித்தன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஜூடோ தெரியாது, ஒலிம்பிக் வரலாறு கொஞ்சம் தெரியும். அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை.

1909-ல் கானோ சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து முதல் ஆள். ஜப்பானிலிருந்து ஒருவர் வேண்டும் என்று நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபர்த்தான் தேட, தோக்கியோவிலிருந்த பிரெஞ்சுத் தூதர் கானோவைக் காட்டினார். ஏன் கானோ என்றால், அப்போது அவர் தோக்கியோ உயர்நிலை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் முதல்வர். நாட்டின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அங்கிருந்துதான் வருவார்கள். அங்கே மாணவர்கள் எல்லாரும் ஓட வேண்டும், நீந்த வேண்டும் என்று வைத்திருந்தார்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஜப்பான் அனுப்பியது இரண்டே இரண்டு வீரர்கள். மிஷிமா குறுந்தூரம், கானகுரி ஷிஸோ மாரத்தான். கானகுரி கானோவின் பள்ளி மாணவர். சைபீரிய ரயிலில் பதினேழு பதினெட்டு நாள் பயணம் (என் பெயருக்கேற்ற இடம் இதுதான்). மாரத்தான் அன்று கொளுத்தும் வெயில். வழியில் மயங்கி ஒரு வீட்டுத் தோட்டத்தில் தங்கிவிட்டார், யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். சுவீடனில் அவரைக் காணாமல்போனவர் கணக்கில் வைத்திருந்தார்கள். 1967-ல் அவரைக் கூப்பிட்டு ஓட்டத்தை முடிக்கச் செய்தார்கள். நேரம் 54 வருடம், 8 மாதம், 6 நாள், சில்லறை மணி!

1936-ல் பெர்லினில் கூடிய குழு 1940 ஒலிம்பிக்கை தோக்கியோவுக்குக் கொடுத்தது. கானோ பல வருடம் அலைந்து பிடித்த வாய்ப்பு. அடுத்த வருடமே ஜப்பான் சீனாவோடு போரில் இறங்கிவிட்டது.

கறார்கந்தசாமி எழுதியது:

இங்கேதான் எனக்கு அவர்மேல் கோபம். ராணுவம் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த அரசுக்காக உலகமெல்லாம் போய் விழா கேட்டவர் இவர். மேலவை உறுப்பினர் வேறு.

பாயில்விழுந்தவன் எழுதியது:

கோபம் நியாயம்தான், ஒரு தகவலை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். 1890-களிலிருந்தே சீன மாணவர்களுக்குப் பள்ளி நடத்தியவர் கானோ. 1902-ல் கோபுன் பள்ளி என்று அதை விரிவாக்கினார். ஆயிரக்கணக்கில் சீனர்கள் அங்கே படித்தார்கள், எழுத்தாளர் லூ ஷுன் ஜப்பானிய மொழி கற்றது அங்கேதான். தன் மாணவர்களின் நாட்டின்மேல் தன் நாடு குண்டு போடுகிற வருடத்தில் இந்த மனிதர் 77 வயதில் கப்பல் ஏறி, தோக்கியோவிடமிருந்து ஒலிம்பிக்கைப் பிடுங்காதீர்கள் என்று கேட்க, ஒலிம்பிக் குழு கூடிய கெய்ரோவுக்குப் போனார். தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது என்று அவரே 1922-ல் கொள்கை வகுத்துக் கொடுத்திருந்தார். இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைத்திருந்தார் என்று நானும் பலதடவை யோசித்திருக்கிறேன்.

இன்னொரு முரண். ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் ஒருபோதும் முன்னே நின்று கேட்கவில்லை. 1936-ல் லண்டனில், அங்கே ஜூடோ கற்பித்த கோயிசுமியிடம் பேசியபோதும் அதில் பெரிய நாட்டம் காட்டவில்லை. போட்டிக்கென்று ஆடினால் ஜூடோ சுருங்கிவிடும் என்ற பயம்.

அந்தப் பயம் வீண் இல்லை. கதாகுருமாவை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? 2010-ல் சர்வதேச ஜூடோ சம்மேளனம் காலை நேராகப் பிடிப்பதைக் கட்டுப்படுத்தியது, 2013-ல் முழுக்கத் தடுத்துவிட்டது. அந்தப் பிடியோ காலுக்கிடையில் கை கொடுத்துத்தான் தொடங்கும். நூலகத்தில் உட்கார்ந்து கானோ கண்டெடுத்த அதே வடிவில் இன்று போட்டியில் போட்டால் அபராதம். கதா வரிசையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. எங்கள் பயிற்சியாளர் அந்த விதி வந்த நாளில் ஒன்றும் பேசவில்லை. எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவரையும் கதாகுருமாவில் ஒரு தடவை தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

நாஞ்சில்பேரன் எழுதியது:

அந்த ஆள் வேற மாதிரி அண்ணாச்சி. சரி, சைகோ ஷிரோ என்ன ஆனார்? அவரை வைத்து நாவலும் சினிமாவும் வந்தன என்று படித்தேன்.

பாயில்விழுந்தவன் எழுதியது:

நாவலை எழுதியவர் தொமிதாவின் மகன். கதாநாயகன் சைகோ மாதிரி, ஆனால் சைகோ அல்ல. அசல் சைகோ கானோவைப் போலவே சின்ன உடம்புக்காரர். யாமா அராஷி, அதாவது மலைப்புயல் என்ற அவர் எறியை அவர் மாதிரிப் போட வேறு ஆளில்லை. கானோ ஐரோப்பாவில் இருந்த காலத்தில், 1890-ல், கோடோகானை விட்டுப் போய்விட்டார். பிற்பாடு நாகசாகியில் பத்திரிகை வேலை. 1922-ல் இறந்தபோது கானோ அவருக்கு ஆறாம் டான் கொடுத்தார். முப்பது வருடம் கழித்து, இறந்தவருக்கு.

மற்றவர்கள் பல திசையில் போனார்கள். யாமாஷிதா அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே சொல்லிக்கொடுத்தார். மாயேதா பிரேசிலில் தங்கி கிரேசி குடும்பத்துப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தார், இன்றைய பிரேசில் ஜுஜுத்சு அங்கிருந்து கிளம்பியதுதான். ஒகினாவாவிலிருந்து வந்த ஃபுனாகோஷியை 1922-ல் கோடோகானில் கராத்தே செய்து காட்ட வைத்தவரும் கானோதான். கராத்தேக்காரர்கள் போட்டிருக்கும் வெள்ளை உடையும் பெல்ட்டும் யாரைப் பார்த்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

வல்வைப்பெண் எழுதியது:

கானோவின் சாவு பற்றி நஞ்சு வைத்தார்கள் என்றெல்லாம் வலையில் கிடக்கிறது. உண்மையோ?

ரயில்பித்தன் எழுதியது:

இதற்கு நான் சொல்கிறேன் சகோதரி. கெய்ரோ கூட்டம் 1938 மார்ச்சில் முடிந்தது, தோக்கியோவின் வாய்ப்பு கைநழுவாமல் நின்றது. அங்கிருந்து கிரேக்கத்தில் ஒலிம்பியாவுக்குப் போய் கூபர்த்தானின் இதயத்தை அடக்கம் செய்த சடங்கில் கலந்துகொண்டார். பிறகு அமெரிக்கா, அப்புறம் வான்கூவரில் ஹிகாவா மாரு கப்பல். வழியில் நிமோனியா. மே 4 அன்று, யோக்கோஹாமா சேர இரண்டு நாள் இருக்கும்போது இறந்தார். பதிவில் இருப்பது நிமோனியாதான். 77 வயதில் அத்தனை மாதம் அலைந்த உடம்பு. நஞ்சுக் கதைக்கு ஆதாரம் என்று எவரும் எதையும் காட்டியதில்லை. அவர் போன இரண்டே மாதத்தில், ஜூலையில், ஜப்பான் 1940 ஒலிம்பிக்கைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டது.

அதே கப்பலில் ஹிராசாவா கசுஷிகே என்ற இளம் தூதரக அதிகாரி வந்துகொண்டிருந்தார். கிழவர் ஒலிம்பிக் பற்றிப் பேசப் பேசக் கூடவே இருந்து கேட்டவர். 1959-ல் மியூனிக்கில் 1964 போட்டிக்கு ஊர் தேர்ந்தெடுத்தபோது தோக்கியோ சார்பில் பேசியது இந்த ஹிராசாவாதான். பதினைந்து நிமிடம் பேசினார், தோக்கியோவுக்குக் கிடைத்தது.

அந்தக் கப்பல் இன்னும் இருக்கிறது. யோக்கோஹாமாவில் யாமஷிதா பூங்காவை ஒட்டிக் கட்டி, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஏறிப் பார்க்கலாம். நான் போனபோது எஞ்சின் அறையில்தான் பாதி நேரம் நின்றேன், என் புத்தி அப்படி.

கறார்கந்தசாமி எழுதியது:

1964-ல் ஜூடோவில் நடந்ததையும் சொல்லிவிடுங்கள். மூன்று எடைப்பிரிவில் ஜப்பான் தங்கம். எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் கீசிங், ஜப்பானின் காமினாகாவைத் தரையில் அமுக்கிப் பிடித்து ஜெயித்தார். அரங்கமே அழுதது. சந்தோஷத்தில் பாய்மேல் ஓடிவந்த தன் நாட்டு ஆட்களை கீசிங் கைகாட்டி நிறுத்தினார், தோற்றவருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமே. அந்தக் காணொளியை நேற்று ராத்திரி பார்த்தேன். வாத்தியார்தான் சார், நிர்வாகி என்றதை வாபஸ் வாங்குகிறேன். பெல்ட் விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறாது.

கடைக்குட்டிஅம்மா எழுதியது:

பையனைச் சேர்த்துவிட்டேன். நேற்று முதல் வகுப்பு. ஒரு மணி நேரமும் விழத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் நல்ல இடம் என்று முடிவு செய்தேன். இப்போது என்ன பிரச்சினை என்றால் வீட்டில் கட்டில்மேல் ஏறி நின்று கீழே பாய் போட்டு விழுந்துகொண்டே இருக்கிறான். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போய்விட்டார்.

பாயில்விழுந்தவன் எழுதியது:

கட்டில் வேண்டாம் அக்கா! உட்கார்ந்த நிலையிலிருந்து பழகட்டும், அப்புறம் குந்தி, அதற்குப் பிறகுதான் நின்று. தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், தலை தரையில் படக்கூடாது, கை முதலில் பாயில் அடிக்க வேண்டும். அடிக்கிற சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மறுபடி வருவார், அதற்கு என்னிடம் வழி இல்லை.